வெளிப்புறக் கல்வி

வெளிப்புறக் கல்வி என்பது வகுப்பறைக்கு வெளியே, இயற்கைச் சூழலில், நேரடிப் பட்டறிவின் வழியாகக் கற்பதைக் குறிக்கும். தொடக்கப்பள்ளி மாணவர்கள் கண்டும், கேட்டும், தொட்டும், எண்ணியும் அறிந்துகொள்ள இது உதவுகிறது.

இந்தியாவில்

இரவீந்திரநாத் தாகூர் 1901 இல் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியில் வகுப்புகள் மரநிழலில் நடத்தப்பட்டன. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்குமாறு உச்ச நீதிமன்றம் 1991 இல் அறிவுறுத்தியது. பள்ளிகளில் சூழல் மன்றங்களை அமைக்கும் தேசிய பசுமைப் படைத் திட்டம் 2001 இல் தொடங்கப்பட்டது.

வடசென்னையில்

கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம், ஆலைகளுக்கு இடையே எஞ்சியுள்ள இயற்கைக் கற்றல் களமாகும். இங்கு மாணவர்கள் உற்றுநோக்கத்தக்கவை:

* கண்டல் மரங்கள்: வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேல் நிமிர்ந்து நின்று காற்றைப் பெறுகின்றன.
* நண்டுகள்: ஆண் பிடில் நண்டின் ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக இருக்கும்.
* ஓதம்: கரையோரம் நட்ட குச்சியில் நீர்மட்டத்தை மணிக்கொருமுறை குறித்தால் ஏற்றவற்றம் விளங்கும்.
* பறவைகள்: கூழைக்கடா, நாரை, கொக்கு முதலியவற்றை இனம் பிரித்து எண்ணலாம்.

இப்பகுதி மீனவர்கள் மீன், இறால் வகைகளையும் நீரோட்டத்தையும் நன்கறிந்தவர்கள். அவர்களது பட்டறிவும் மாணவர்களுக்குப் பாடமாக அமையும்.

இடர்கள்

அனல்மின் நிலையச் சாம்பலால் இக்கழிமுகம் மாசடைந்துள்ளது. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் இங்கு பரவி, கண்டல்களிலும் படகுகளிலும் கூழைக்கடாக்களின் இறகுகளிலும் படிந்தது. எனவே இங்கு நீரிலோ சேற்றிலோ இறங்காமல், பெரியோர் துணையுடன் கரையிலிருந்து நோக்குவதே பாதுகாப்பானது. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எழுதிவைக்கப்படும் எண்ணிக்கைக் குறிப்புகள், எவ்வுயிர்கள் குறைந்தன, எவை மீண்டன என்பதை ஒப்பிட்டு அறியத் துணைபுரியும்.