திருப்பூர் சாயத் தொழிலும் நொய்யல் ஆறும்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு நொய்யல். அதன் கரையில் இருக்கும் திருப்பூர் இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியின் தலைமையிடம். 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2022-23இல் 30,000 கோடியைத் தாண்டியது. இந்த வளர்ச்சிக்குப் பின்னால் இருந்த முதலாளிகளில் பெரும்பாலோர் கொங்கு விவசாயக் குடும்பங்களில் பிறந்தவர்கள். பனியன் கம்பெனியில் கூலிக்கு வேலை பார்த்துத் தொழில் கற்று, பிறகு சொந்தமாக யூனிட் போட்டவர்கள் அவர்களில் பலர். ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலத்தை இழந்தவர்களும் அதே கொங்கு விவசாயிகள்தான். தொழிலின் வெற்றியும் ஊரின் நலனும் எங்கே மோதின, அந்த மோதல் எப்படிப் பாதியளவாவது தீர்ந்தது என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

சிக்கலின் வேர் உப்பு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமானால் சாயத்தொட்டியில் ஏராளமான உப்பைக் கொட்டியாக வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது; அலசும் நீரோடு அப்படியே வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டால் கழிவுநீரின் நிறம் தெளியும். நுண்ணுயிர்களை விட்டால் கரிமக் கழிவு குறையும். கரைந்த உப்பை மட்டும் இவற்றில் எதுவும் தொடாது. 1990களில் சாயப்பட்டறைகள் சேர்ந்து கட்டிய பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த வேலைகளைத் தாண்டி எதுவும் செய்யவில்லை. பார்வைக்குத் தெளிந்த நீர், உப்பைச் சுமந்துகொண்டு நொய்யலில் இறங்கியது.

அந்த நீர் போய்த் தேங்கிய இடம் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் முடிந்த அணை அது. சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுக் குட்டையாகிப் போனது. அணை வேண்டும் என்று காத்திருந்த விவசாயிகளே, அதைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. குடிக்கவும் மாட்டுக்குக் காட்டவும் உதவாத தண்ணீரை வைத்துக்கொண்டு யாரும் வெள்ளாமை செய்ய முடியாது.

இதே ஆண்டுகளில் ஊரில் கொடைக்குக் குறைவில்லை. பள்ளிக் கட்டடம், கோயில் திருப்பணி, திருமண உதவி எனக் கேட்டவர்களுக்குத் தொழிலதிபர்கள் கொடுத்தார்கள். அந்தக் கொடை மெய்யானது. பெற்றவர்களுக்குப் பயன்பட்டதும் மெய். ஆனால் ஒரு கிலோ துணிக்குச் சாயம் போடும் செலவின் ஒரு பகுதியை ஒரத்துப்பாளையத்து விவசாயி தன் கிணற்றைக் கொடுத்துச் செலுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கு எந்த நன்கொடைப் பட்டியலிலும் ஏறவில்லை.

விவசாயிகள் 1996இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004இல், 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் தர வேண்டும் என்று தீர்மானித்தது. சராசரியாகப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராத தொகை. பல ஆண்டு விளைச்சலை இழந்தவருக்கு அது மிகவும் சொற்பம். கழிவுநீரில் ஒரு சொட்டுகூட ஆற்றில் விழக் கூடாது என்ற நிபந்தனையை நீதிமன்றம் 2006 டிசம்பரில் கெடு வைத்து விதித்தது. கெடு முடியும்வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் உறுதிசெய்தது. அதற்குப் பிறகும் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே ஆணையில் நின்றன. அடியில் நின்ற தொழிலாளிகளுக்குத்தான் முதல் அடி. வெளிமாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். துணி சாயத்துக்காக வேறு மாநிலங்களுக்குப் போனது. சிலர் பக்கத்து மாவட்டங்களில் கள்ளத்தனமாகப் பட்டறை நடத்தி, நோயை வேறு கிணறுகளுக்குக் கொண்டுபோனார்கள்.

மற்றவர்கள் உப்பை நேராகச் சந்தித்தார்கள். ஆர்.ஓ. சவ்வுகள் கழிவுநீரிலிருந்து நல்ல நீரைப் பிரித்துச் சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்பும். மிஞ்சும் அடர் உப்புநீரை ஆவியாக்கிகளில் காய்ச்சி உப்பை எடுப்பார்கள். அருள்புரம் போன்ற நிலையங்களில் உப்புநீரையே சுத்தம் செய்து மீண்டும் சாயமிடப் பயன்படுத்தும் முறை கைகூடியது. தமிழ்நாடு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. கழிவு வெளியேறவில்லை என்று நிரூபித்த பொது நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 18 பொது நிலையங்களைக் கொண்ட இந்த ஏற்பாடு இன்று மற்றத் தொழில் நகரங்கள் வந்து பார்க்கும் முன்மாதிரி. தனியாக எந்தச் சிறு பட்டறையும் இதைக் கட்டியிருக்க முடியாது. போட்டியாளர்கள் பங்குதாரர்களாகி, ஒருவர் தவறினால் எல்லோருக்கும் கதவடைப்பு என்ற நிலையில் ஒருவரையொருவர் கண்காணித்ததால்தான் இது நடந்தது.

கூட்டாகச் செய்யும் பழக்கம் அதற்கு முன்பே ஓரிடத்தில் பலன் கொடுத்திருந்தது. நிலத்தடி நீர் கெட்டு, லாரித் தண்ணீரை நம்பித் தொழில் நடந்த காலத்தில், 1990இல் தொடங்கப்பட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் மாநில அரசும் முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவரும் திட்டத்தை எடுத்தன. தொழிற்சாலைகள் கூடுதல் விலை கொடுக்க, நகர வீடுகளுக்கும் வழியிலுள்ள கிராமங்களுக்கும் குறைந்த விலையில் நீர் கிடைக்கும்படி விலை வைக்கப்பட்டது. பட்டறைக்கும் குடத்துக்கும் ஒரே குழாயில் நீர் வந்தது.

சமூகப் பொறுப்பைப் பற்றிய சட்டம் இதையெல்லாம் தொடுவதில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. திருப்பூரின் சிறு பட்டறைகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வராது. தொழிலின் வழக்கமான நடவடிக்கைக்கு ஆகும் செலவும் இதில் சேராது. சொந்தக் கழிவைச் சுத்தம் செய்வது கடமை என்பதால் இந்த விலக்கு நியாயமானதே. ஆனால் ஒரு முதலாளியின் சமூகப் பணியை அந்த 2 விழுக்காட்டை மட்டும் வைத்து எடைபோட்டால், நொய்யலுக்கு நேர்ந்தது கண்ணில் படவே படாது.

மரம் நடுதலில் ஊர் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ திட்டத்தில் தொழிலதிபர்களின் ஆதரவோடு பல லட்சம் கன்றுகள் நடப்பட்டுள்ளன. காற்றாலை மின்சாரத்திலும் பலர் முதலீடு செய்திருக்கிறார்கள். தொழிலாளர் குடியிருப்பில் அந்த வேகம் இல்லை. வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நெருக்கடியான அறைகளில் பலராகத் தங்குவதும், பீஸ் ரேட்டில் பணிப் பாதுகாப்பின்றி உழைப்பதும் தொடர்கின்றன.

சுத்திகரிப்பிலும் மீதம் இருக்கிறது. காய்ச்சி எடுத்த கலப்பு உப்பு முழுவதும் மறுபயன்பாட்டுக்கு ஏற்றதில்லை. மூட்டைகளாக நிலைய வளாகங்களில் குவிந்திருக்கும் அதை எங்கே கொண்டுபோவது என்ற பேச்சு இன்னும் நடக்கிறது. ஆவியாக்கிகள் விறகையும் மின்சாரத்தையும் விழுங்குவதால் சாயக்கூலி ஏறுகிறது. கழிவே வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை இல்லாத நாடுகளின் ஆடையோடு விலையில் போட்டியிடும் திருப்பூர் ஏற்றுமதியாளர், ஆர்டர் பேசும்போது அந்தக் கூடுதல் செலவை வெளிநாட்டு வணிகரிடம் கேட்கிறார். பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. தன் லாபத்திலிருந்தே அதை ஏற்கிறார்.