திருவெண்ணெய்நல்லூரும் திருமுனைப்பாடி நாடும்

கன்னட நாட்டு நந்திமலைப் பகுதியிற் பிறந்து, மேட்டு நிலங்களைக் கடந்து, கடலூருக்கு அருகே கீழ்கடலைச் சேர்வது பெண்ணையாறு. அதன் தென்பால், நடுநாட்டில் விளங்குவது திருவெண்ணெய்நல்லூர். பண்டு இப்பகுதி திருமுனைப்பாடி நாடு எனப் பெயர்பெற்றது. அப்பரடிகள் அவதரித்த திருவாமூரும், சுந்தரர் அவதரித்த திருநாவலூரும் இந்நாட்டினவே.

அந்நாளில் ஊர்க்காரியங்களை அவையத்தார் நடத்தினர். மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரைத் தம் அடிமையென வழக்குரைத்த முதியவரின் மூல ஓலையை ஆராய்ந்தது இவ்வூரவையே. பாட்டனாரின் எழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறிற்றெனப் பெரியபுராணம் உரைக்கும். அருட்டுறைப் பெருமானும் அவையின் முறைக்கு உட்பட்டு நின்றே வழக்கை வென்றார். மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களை அருளியதும், கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளல் வாழ்ந்ததும் இவ்வூரே என்பது வழிவழி வந்த செய்தி.

ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியிலிருந்த இப்பகுதி, 1801-ஆம் ஆண்டு கும்பினியாரின் நேராட்சிக்கு வந்தது; பின்னர்த் தென்னார்க்காடு மாவட்டமாய் நெடுங்காலம் விளங்கிற்று. 1993-ஆம் ஆண்டு அம்மாவட்டம் கடலூர், விழுப்புரம் என இரண்டாயிற்று. 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்று கள்ளக்குறிச்சி பிரிந்தது. இன்று திருவாமூர் கடலூர் மாவட்டத்தது, திருநாவலூர் கள்ளக்குறிச்சியது, வெண்ணெய்நல்லூர் விழுப்புரத்தது.

அரசியல் வசதிக்காக வகுத்த எல்லைகள் அடியார் நெஞ்சைப் பிரித்தல் ஆகாது. சுந்தரர் பிறந்த ஊரும் ஆட்கொள்ளப்பெற்ற ஊரும் வேறு வேறு மாவட்டங்களாயினும் வரலாற்றால் ஒன்றே. ஆதலின், இக்குடமுழுக்கிற்குப் பொருளீந்த அன்பர்கள், முனைப்பாடித் தலங்கள் யாவற்றையும் தம்மூர்க் கோயிலெனக் கொண்டு பேணுதல் கடன். அருட்டுறை நாதன் திருவருள் அதற்குத் துணை நிற்க.

திருச்சிற்றம்பலம்.