புள்ளி உதிர்ந்த அண்ணாமலை

அடி அண்ணாமலையில் என் வீட்டு மாடியில் 40 வாட் லேசர் வெட்டுக்கருவி ஒன்று இருக்கிறது. தமிழ் வாத்தியாருக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். (இன்னும் கேட்கிறார்கள்.)

இதன் குழாயில் பிறக்கும் கரியமிலவாயு லேசரைக் கண்டுபிடித்தவர் பாராமதியில் 1938-இல் பிறந்து, புனேயில் பொறியியல் பயின்ற குமார் பட்டேல். 1960-இல் மைமன் மாணிக்கக்கல்லிலிருந்து முதல் லேசரை எடுத்தார். பட்டேல் 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதைச் செய்தார். அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர்: கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். பிவிசி தகட்டை வைத்தாலோ அமிலப்புகைதான். இவற்றைக் கற்கவே ஒரு மாதம் போயிற்று.

முதலில் 3 மி.மீ. ஒட்டுப்பலகையில் 'அண்ணாமலை' என்று வெட்டினேன். எழுத்துகள் கைக்கு வந்தன. ணகரப் புள்ளி மட்டும் தனியே உதிர்ந்து தட்டின் அடியில் மறைந்தது. மிஞ்சியது 'அணணாமலை'. சுவடியில் காணும் அதே வடிவம்! மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதுவோர் அதை விட்டுவிட்டதாக இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறேன். கையால் உணர்ந்தது அன்றுதான். குறில் எகர ஒகரங்களும் அவ்வாறே புள்ளியிழந்து நெடிலோடு மயங்கின. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் தந்தார். 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., மெய்யா உயிர்மெய்யா என்று இடந்தோறும் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. நாம் அவரைத் தடையின்றி வாசிக்கிறோம்.

புள்ளியை மெல்லிய காம்பால் எழுத்தோடு இணைத்து மறுபடி வெட்டினேன். உதிரவில்லை. பார்த்த மாணவர் ஒருவர் அதை 'ணீ' என்று வாசித்தார்.