ரப்பரில் பறந்த முதல் விமானம்



ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் முதல் தடவை பறந்தது 12 வினாடி, 120 அடி தூரம். இது நாம் எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். ஆனால் அதற்கு 32 வருடம் முன்பே, 1871 ஆகஸ்ட் 18 அன்று, பாரிஸ் நகரின் துய்லெரி பூங்காவில் ஒரு குட்டி விமானம் 11 வினாடி பறந்தது. தூரம் சுமார் 131 அடி. எடை வெறும் 16 கிராம். எஞ்சின் என்ன தெரியுமா? முறுக்கிவிட்ட ரப்பர்!

இதைத் தேடிப் படிக்க வைத்தது ஒரு அவமானம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒரு பெட்டி கொடுத்தார். உள்ளே பால்சா மரத் தகடுகள், டிஷ்யூ தாள், பிளாஸ்டிக் புரொப்பல்லர், ஒரு ரப்பர் வளையம், முழு அளவு வரைபடம். வரைபடத்தைப் பலகையில் விரித்து, அதன் மேல் மெழுகுத் தாள் போட்டு, குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். எலும்புக்கூடு தயாரானதும் தாளை ஒட்டி லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். காயும்போது தாள் சுருங்கி, பறையின் தோல் மாதிரி விறைப்பாகிவிடும். எனக்கு இதற்கே இரண்டு வாரம் ஆனது.

எங்கள் கணபதியில் பட்டறைக்கா பஞ்சம்? ரப்பர் வழுக்கிக்கொண்டு சுற்றட்டும் என்று அப்பாவின் லேத் பட்டறையில் இருந்து கிரீஸ் எடுத்து நன்றாகத் தடவி வைத்தேன். பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும் என்பது அப்போது தெரியாது. மறுநாள் முறுக்கும்போதே ரப்பர் அறுந்து, உள்ளே இருந்த குச்சிகளை எல்லாம் நொறுக்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, "ஏங்கண்ணு, காலேஜ் போற வயசுல பொம்மைக்குப் போயி இத்தன பாடா?" என்றார். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னிடம் பதில் இல்லை.

பதில் பாரிஸில் இருந்தது. அந்த 16 கிராம் விமானத்தைச் செய்தவர் அல்ஃபோன்ஸ் பெனோ. 1850-ல் பிறந்தவர். அப்பா கடற்படை அதிகாரி. இடுப்பு நோயால் இவரால் கடற்படையில் சேர முடியவில்லை. விமானத்தைப் பறக்கவிட்டபோது வயது 21.

ரப்பர் பேண்ட் அப்போது ஒன்றும் புதிசு இல்லை. லண்டனில் 1845-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அதே எடையுள்ள எஃகுச் சுருளை விடப் பல மடங்கு சக்தியை ரப்பர் சேர்த்து வைக்கும். பெனோ இதைக் கச்சிதமாகப் பயன்படுத்தினார். ஆனால் அவருடைய பெரிய சாதனை ரப்பர் இல்லை, வால்! இறக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன வால் இறக்கையை, கொஞ்சம் குறைவான கோணத்தில் வைத்தார். மூக்கு கீழே சாய்ந்தால் வால் அதை மேலே தூக்கும். மூக்கு ரொம்ப மேலே போனால் கீழே இறக்கும். ஓட்டுவதற்கு ஆள் இல்லாமலே விமானம் நிலையாகப் பறந்தது. இன்று நம் தலைக்கு மேலே பீளமேட்டில் இறங்கப் போகும் பயணிகள் விமானங்களிலும் பின்னால் அந்தக் குட்டி இறக்கை உண்டு. அடுத்த முறை பாருங்கள்.

பெனோ 1876-ல் ஆள் ஏறும் விமானம் ஒன்றுக்கே காப்புரிமை வாங்கினார். மடக்கக்கூடிய சக்கரம் கூட அதில் இருந்தது! ஆனால் கட்டுவதற்குப் பணம் கொடுக்க யாரும் வரவில்லை. மனம் உடைந்து, 1880-ல் தற்கொலை செய்துகொண்டார். வயது 30.

கதை அங்கே முடியவில்லை. பெனோ ரப்பரில் சுழலும் ஹெலிகாப்டர் பொம்மையும் செய்திருந்தார். அந்த மாதிரிப் பொம்மை ஒன்றை 1878-ல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் இரண்டு பையன்களுக்கு வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம், ரப்பர், அவ்வளவுதான். பெரியவன் வில்பருக்கு 11 வயது, சின்னவன் ஆர்வில்லுக்கு 7. ஆமாம், அவர்களேதான்! பையன்கள் அதற்கு 'வௌவால்' என்று பெயர் வைத்தார்கள். அதே மாதிரி பெரிசு பெரிசாகச் செய்து பார்த்தார்கள். பெரிசாக ஆக ஆகச் சரியாகப் பறக்கவில்லை. அளவு இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும் என்பது அப்போது தங்களுக்குத் தெரியாது என்று பின்னாளில் அவர்களே எழுதினார்கள்.

நம்ம ஊரிலும் இந்த மாதிரிக் கிறுக்கு உண்டு. சென்னையில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ், சிம்சன் பட்டறையில் ஒரு விமானத்தைக் கட்டி 1910-ல் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். குதிரை வண்டி செய்துகொண்டிருந்த பட்டறை அது! இன்றும் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு மாதிரி விமானம் செய்வது பயிற்சியின் ஒரு பகுதி.

ஆக, விமானத்தைப் பார்த்துப் பொம்மை செய்தார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். நடந்தது தலைகீழ். பொம்மையில் இருந்துதான் விமானமே வந்தது.

உடைந்த குச்சிகளுக்குப் பதிலாக மூங்கில் சீவி ஒட்டினேன். புது ரப்பர் வாங்கி, இந்த முறை விளக்கெண்ணெய் தடவினேன். மூங்கிலால் வால் பக்கம் கனம் கூடிவிட்டது, அதனால் மூக்கில் கொஞ்சம் களிமண். சாயங்காலம் காற்று அடங்கிய பிறகு மைதானத்தில் கையை விட்டேன். மனசுக்குள் எண்ணினேன். ஒன்பது வினாடி! பெனோவை விட இரண்டு குறைவு, போகட்டும்.

பெரியப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரே நடந்து போய் அதை எடுத்து வந்து, வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னொருக்கா விடு கண்ணு, பாக்கலாம்."