மல்லனும் தராசும்

நூலுக்கு எடை உண்டு. நூலில் உள்ள ஈரத்துக்கும் எடை உண்டு. ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறி வைத்திருப்போருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் எடை போட்ட சிட்டம் சித்திரை வெயிலில் எடை குறைந்து நிற்கும். இடையில் நூல் எங்கும் போய்விடவில்லை; நீர்தான் போயிற்று. ஆகவே நூல் வணிகத்தில் ஒரு நியதி வகுத்தார்கள். பஞ்சு நூலை முற்றிலும் உலர்த்தி எடை கண்டு, அதனுடன் நூற்றுக்கு எட்டரைப் பங்கு ஈரம் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதே அது. பட்டின் ஈரத்தை அளந்து நியாயமான எடை சொல்வதற்கென்றே 1805இல் பிரான்சின் லியோன் நகரில் பொது நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது.

இனி, அதே பிரான்சு நாட்டில் 2024இல் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு வருவோம். ஆகஸ்டு 6ஆம் நாள், பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில், பெண்களுக்கான 50 கிலோ மற்போரில் நம் நாட்டு வீராங்கனை வினேஷ் போகத் மூன்று பேரை அடுத்தடுத்து வென்றார். அவர்களுள் முதல்வர் ஜப்பானின் யுய் சுசாகி, முந்தைய ஒலிம்பிக்கின் தங்கப் பதக்கம் பெற்றவர். அன்று காலை வினேஷின் எடை 49.9 கிலோ. போட்டிகளுக்கு இடையே சிறிது உண்டு, சிறிது பருகியபின், மாலையில் 52.7 கிலோ. இறுதிப் போட்டிக்கு முன் மறுநாள் காலையில் மீண்டும் தராசில் ஏற வேண்டும். இரவு முழுவதும் சோறில்லை, நீரில்லை, உறக்கமில்லை. ஓடினார், வெப்ப அறையில் அமர்ந்து வியர்த்தார், கூந்தலையும் வெட்டினார்கள். விடிந்தபோது தராசு 50 கிலோ 100 கிராம் என்றது. அவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். பட்டியலில் கடைசி இடம் கிடைத்தது.

நூறு கிராம் என்பது அரை டம்ளர் தண்ணீர்.

(இயற்பியல் மாணவர்கள் ஒரு திருத்தம் சொல்லக்கூடும். கிலோகிராமில் கூறுவது நிறையே அன்றி எடை அன்று. உண்மைதான். ஆயினும் விளையாட்டரங்கின் வழக்கையொட்டி இங்கு எடை என்றே எழுதுகிறேன்.)

எடைப் பிரிவு என்ற ஏற்பாடு எப்படி வந்தது? பழங்காலக் கிரேக்க ஒலிம்பிக்கில் அது இல்லை. ஆடவர், சிறுவர் என்ற பாகுபாடு மட்டும் இருந்தது. பெருத்தவனுக்கே வெற்றி எளிது. நம் நாட்டிலும் மற்போர் பழைய கலை. பல்லவன் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ என்ற பட்டம் சூடி, கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்கு அதையே பெயராக விட்டுச் சென்றான். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், மல்லர்களை வயது, உடலளவு, வலிமை ஆகியவற்றால் வகைப்படுத்துகிறது. உருவத்துக்கேற்ப இணை சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம். ஆனால் தராசு அங்கே நடுவராக அமரவில்லை.

1896இல் ஏதென்சில் ஒலிம்பிக் மீண்டும் தொடங்கியபோதும் மற்போருக்கு எடை வரம்பு கிடையாது. அதில் வென்றவர் யார் தெரியுமா? செருமனியின் கார்ல் சூமன் என்ற உடற்பயிற்சி வீரர். தம்மினும் பெரிய பளுதூக்கும் வீரரான லான்செஸ்டன் எலியட்டை முதற் போட்டியிலேயே வீழ்த்தினார். இத்தகைய விந்தை அடிக்கடி நடவாது. 1904இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயி ஒலிம்பிக்கில் மற்போர், குத்துச்சண்டை இரண்டுக்கும் எடைப் பிரிவுகள் வந்தன. 1909இல் லண்டனின் தேசிய விளையாட்டு மன்றம் குத்துச்சண்டைக்கு எட்டுப் பிரிவுகளை வரையறுத்தது. இந்த ஏற்பாட்டால் நாமும் பயனடைந்தோம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம், 1952இல் ஹெல்சிங்கியில், 57 கிலோப் பிரிவு மல்லரான கே.டி. ஜாதவ் பெற்றதே. பிரிவுகள் இல்லையேல் சிற்றுருவினர் களத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நல்ல நோக்கத்துடன் வந்த இந்த விதியில் ஓர் ஓட்டை இருந்தது. தராசில் நிற்கும் நேரம் வேறு. களத்தில் நிற்கும் நேரம் வேறு. நேற்று எடை காட்டி இன்று போரிடலாம் எனில், நேற்று மட்டும் இலேசாக இருந்தால் போதுமல்லவா? இரண்டு மூன்று கிலோவைத் தற்காலிகமாக இழந்து கீழ்ப் பிரிவில் புகுந்து, பின் நீர் குடித்துப் பழைய உடலோடு களத்தில் இறங்கலாம். எதிரியும் இதையே செய்வதால் இறுதியில் யாருக்கும் ஆதாயமில்லை. ஆனால் ஒருவர் மட்டும் செய்யாமல் விட்டால் அவருக்கு இழப்பு உண்டு. இச்சிக்கலிலிருந்து தனியொரு வீரரால் வெளியேற முடியாது.

ஓர் இரவில் குறைவது எது? கொழுப்பு அன்று என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. கடும் பயிற்சி செய்பவர்கூட ஒரு நாளில் 3,000 கிலோ கலோரி அளவே செலவிடுவார். இரண்டரைக் கிலோ கொழுப்பு கரைய முழுப் பட்டினியாகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சில நாட்களுக்கு முன்பே சோறு, ரொட்டியைக் குறைப்பதால் கொஞ்சம் எடை குறையும்; தசையிலும் ஈரலிலும் சேமிப்பாக உள்ள கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது, அது விடுபடும். ஆனால் கடைசி இரவில் போவது நீரே.

நம் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கிறது என்பதைத் தராசால் முதலில் காட்டியவர் இத்தாலியின் சாந்தோரியோ (1561–1636). பதுவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர், கலிலியோவின் காலத்தவர். பெரிய வெள்ளிக்கோல் ஒன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் அமர்ந்தே உண்டார், எழுதினார். உண்டது, பருகியது, கழித்தது எல்லாவற்றையும் நிறுத்துக் கணக்கு வைத்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, முப்பது ஆண்டுகள்! 1614இல் வெளியிட்ட நூலில் அவர் கண்ட முடிவு இது: எட்டு இராத்தல் உண்டால் ஐந்து இராத்தல் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது. இன்றைய அளவீடுகள் இவ்வளவு பெரிய பங்கைக் காட்டவில்லை. ஆயினும் அவர் அடையாளங்கண்ட நிகழ்ச்சி மெய்யே. சும்மா இருக்கும்போதும் மூச்சு, தோல் வழியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 கிராம் நீர் வெளியேறுகிறது. மணிக்குச் சுமார் 33 கிராம். அப்படியானால் நூறு கிராம் என்பது எத்தனை நேரக் கணக்கு? மூன்று மணி நேரம். வினேஷுக்குத் தராசு மூன்று மணி நேரம் தாழ்த்தி வந்திருந்தால், அவர் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு அமர்ந்திருந்தாலே போதியிருக்கலாம்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். வியர்வை உடலைக் குளிர்விப்பது அது வழிவதால் அன்று, ஆவியாவதால். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உள்ளுறை வெப்பமாக எடுத்துச் செல்லும். சென்னைப் புழுக்கத்தில் சட்டை நனைந்தும் உடல் குளிராததை நீங்கள் அறிவீர்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாதல் தடைப்படுகிறது. எடை குறைக்கும் மல்லர் இப்புழுக்கத்தை விரும்பித் தேடுகிறார். ரப்பர் உடை அணிந்து ஓடுகிறார். வியர்வை வழிந்து சொட்டுகிறது, தராசு மகிழ்கிறது. ஆனால் வெப்பம் உள்ளேயே தங்குகிறது.

எவ்வளவு விரைவில் ஆபத்து வரும்? மனித உடலின் தன்வெப்பம் நீரினுடையதில் 0.83 பங்கு. 50 கிலோ உடலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 41.5 கிலோ கலோரி போதும். கடும் பயிற்சியில் மணிக்கு 400 கிலோ கலோரி வெப்பம் உண்டாகிறது என்றும், அது சிறிதும் வெளியேறவில்லை என்றும் கொள்வோம். ஆறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 37 டிகிரியிலிருந்து 41ஐ எட்ட 25 நிமிடம். நடைமுறையில் கொஞ்சம் வெப்பம் தப்பிக்கும் என்பதால் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம், அவ்வளவே. அதற்குள் நீரிழப்பால் இரத்தத்தின் கன அளவு சுருங்கி, இதயம் வேகமாகத் துடித்தும் தோலுக்குப் போதிய இரத்தம் அனுப்ப இயலாமல் தவிக்கும்.

இது தாளில் போட்ட கணக்கு மட்டும் அன்று. 1997 நவம்பர், டிசம்பரில், 33 நாட்களுக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்லர் மூவர் எடை குறைக்கும்போதே மாண்டனர். மூவரும் நீராவி புகாத உடையுடன் வெப்பமான இடத்தில் பயிற்சி செய்தவர்கள், மூவரும் மாணவர்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் கலப்புச் சண்டைக்கு வந்த 21 வயதுச் சீன வீரர் ஒருவரும் எடை குறைப்பின்போது உயிரிழந்தார்.

1998இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விழித்துக்கொண்டது. ரப்பர் உடை, வெப்ப அறை, சிறுநீர் பெருக்கும் மருந்து ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. எடை பார்ப்பதைப் போட்டி நேரத்துக்கு அருகே கொண்டு வந்தது. உலக மற்போர்க் கூட்டமைப்போ வேறு வழி கண்டது. 2018 முதல் ஒரு பிரிவின் போட்டிகளை இரண்டு நாளாக்கி, இரு காலையும் எடை பார்த்தது. இரண்டு முறை சோதித்தால் மிகையாகக் குறைக்க அஞ்சுவார்கள் என்பது எண்ணம். நடந்ததோ, இரண்டு இரவுகள் வியர்க்க வேண்டியதாயிற்று. வினேஷுக்கு இரண்டு நாள் கழித்து அமன் செராவத், ஒரே இரவில் ஏறத்தாழ நாலரைக் கிலோ குறைத்து வெண்கலப் பதக்கப் போட்டியில் இறங்கி வென்றார். நாம் கொண்டாடினோம். முன்னவர் தோற்றதும் பின்னவர் வென்றதும் ஒரே கொடுமையின் இரு விளைவுகள் என்றே எனக்குப் படுகிறது.

வினேஷ் 2016 ஒலிம்பிக்கில் 48 கிலோப் பிரிவிலும், டோக்கியோவில் 53 கிலோப் பிரிவிலும் போரிட்டவர். 2016இல் மங்கோலியாவில் நடந்த தகுதிப் போட்டியிலேயே 400 கிராம் கூடுதல் என்று நீக்கப்பட்டார். பாரிஸுக்கு 53 கிலோ இடம் வேறொருவருக்குப் போனதால் 50க்கு இறங்கினார். விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் அவர் செய்த முறையீடு 2024 ஆகஸ்டு 14 அன்று தள்ளுபடியாயிற்று. விளைவு மிகக் கடுமையானதே, ஆனால் விதி தெளிவாக இருக்கிறது என்பது நடுவரின் கருத்து.

தராசைச் சரிப்படுத்த முடியாதா? முடியும். நீர் குறைந்த உடலின் சிறுநீர் அடர்த்தி மிகுந்திருக்கும். அமெரிக்கக் கல்லூரிகளில், பருவத் தொடக்கத்தில் மாணவரின் குறைந்த அளவு எடையை நிர்ணயிக்கும்போது, சிறுநீரின் ஒப்படர்த்தி 1.020க்கு மேல் இருந்தால் அன்றைய எடையை ஏற்பதில்லை. நீர் குடித்துவிட்டு வேறொரு நாள் வரவேண்டும். பால்காரரிடம் உள்ள லாக்டோமீட்டரின் தத்துவமே இதற்கும் போதும். நம் மாவட்டங்களில் பள்ளிக் கபடிக்கும் எடை வரம்பு உண்டு. முதல் நாள் முழுதும் நீர் பருகாமல் வரிசையில் நிற்கும் பையனை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அவன் நீங்களாகவே இருக்கலாம். அங்கே தராசுக்குப் பக்கத்தில் இப்படியொரு கருவி இருந்தால், அதன் விலை ஒரு கபடிப் பாயின் விலையைவிட மிகக் குறைவு.