குடிவரலாறு காணும் வழி

நம் அன்பர்களிற் பலர் தம் குடியின் வரலாற்றை எழுதப் புகும்போது மூவேந்தரில் ஒருவரைத் தலைப்பில் நிறுத்தித் தொடங்குகின்றனர். அப்பால் எழுநூறு ஆண்டுகளுக்கு ஒரு பெயரும் இராது. திடீரெனப் பாட்டனார் வந்து நிற்பார். இது வரலாறன்று. பாட்டனாரிலிருந்து மேல்நோக்கி ஏறுவதே முறையாகும்.

குன்றத்தூரில் வாழ்வோர்க்கு இவ்வாசை சற்று மிகுதி. திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் அவதரித்த பதி இது. அவர் எழுப்பிய திருநாகேச்சரமும் இங்கே உள்ளது. ஆயின் சேக்கிழார் என்பது குடிப்பெயர். அருண்மொழித்தேவர் என்பதே இயற்பெயர். திருமழபாடிக் கல்வெட்டில் குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவன் என ஒருவர் காணப்படுகிறார். அவரே புராண ஆசிரியர் என்பாரும் உளர். ஊரும் குடியும் ஒத்தமை மட்டுங்கொண்டு இருவரை ஒருவராக்குதல் தகாது என்பதே நம் கருத்து.

வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் கிரயப் பத்திரமே முதல் ஆதாரம். 1860-களின் நடுப்பகுதி முதல் பத்திரங்கள் பதிவாகி வருகின்றன. இன்னார் குமாரர் இன்னார் என்றும், நான்கெல்லையில் இன்னார் நிலம் என்றும் அவை கூறும். சாட்சிகளாகக் கையொப்பமிட்டோரிற் பெரும்பாலார் உறவினரே. வம்சாவளிகளில் இடம்பெறாத பெண்மக்கள், தானபத்திரத்திலும் சீதனப் பத்திரத்திலும் தம் பெயரோடு விளங்குகின்றனர். அதற்கும் முன் செல்வோர், 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பார் செங்கற்பட்டு ஜாகீரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்களை அளந்து எழுதுவித்த கணக்குகளை நாட வேண்டும். குன்றத்தூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய ஏடுகளைச் செங்கற்பட்டு ஜில்லாவின் கீழ்த் தேடுதல் வேண்டும். இதனை அறியாது வெறுங்கையோடு திரும்புதல் எளிது.

முன்னோர் ஏழையாயிருந்தார், கடன்பட்டார், கூலிக்குச் சென்றார் என ஏடு சொன்னால் அதனை மறைப்பதேன்? ஆஸ்திரேலியாவில் 1788-ஆம் ஆண்டு ஆங்கிலக் கப்பல்களில் வந்திறங்கிய கைதிகளின் வழித்தோன்றல்கள் நெடுங்காலம் அச்செய்தியை மறைத்தே வந்தனர். இன்று அவர்களே கப்பற் பட்டியலைத் தேடியெடுத்து, தம் முன்னோர் இன்ன கப்பலில் வந்தவர் எனப் பெருமையுடன் கூறுகின்றனர்.

நமக்கும் அத்தகைய பட்டியல் உண்டு. 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னுங் கப்பல் 342 பேருடன் நவம்பர் 16-ஆந் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றோர் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர். அவரிற் பெரும்பகுதியினர் சென்னைத் துறையில் ஏறியவர். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றோடு உடலிலுள்ள மச்சமும் தழும்பும் கூடக் குறித்திருக்கின்றனர். நம் வம்சாவளிகளிலோ, கப்பலேறிப் போன தம்பியின் பெயர் அறவே இல்லை. "சந்ததியில்லை" என ஒரு சொல்லில் முடித்துவிடுவர். சந்ததி அங்கே ஐந்தாந் தலைமுறையாய் வாழ்கிறது!

அவர்களில் சிலர் இப்பொழுது கிராமத்தைத் தேடி வருகின்றனர். ஆங்கில எழுத்தர் காதால் கேட்டதை எழுதியமையால் ஊர்ப்பெயர்கள் உருமாறியுள்ளன. அவற்றை வாய்விட்டு உரக்கப் படித்தால் நம்மூர்ப் பெரியோர் எந்த ஊரென உடனே கூறிவிடுவர். சாதிக் கட்டத்தை மட்டும் நம்பலாகாது. எழுத்தர் பொதுப்பெயரிட்டு எழுதிய இடங்கள் பல. தகப்பன் பெயரையும் கிராமத்தையும் சேர்த்துப் பார்த்து, அத்தகப்பன் நம் வீட்டுப் பத்திரத்தில் சாட்சியாகக் கையொப்பமிட்டவரா எனக் காண வேண்டும். அப்பத்திரம் அவர்களிடம் இல்லை. நம் பெட்டியில்தான் இருக்கிறது.