கடல் படம் வெள்ளையாக இருந்தால் நெல்லை மூட வேண்டுமா?

குறுவை அறுத்து நெல்லைக் களத்தில் காயப் போட்டிருப்பீர்கள். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு செயற்கைக்கோள் படம் வரும். வங்கக் கடல் முழுக்க வெள்ளை. பயந்து தார்ப்பாய் போட்டு மூடுவீர்கள். அன்று பகல் முழுக்க வெயில் அடிக்கும். கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்பதால் அந்த ஒரு நாள் வெயிலும் பெரிதுதான்.

இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் அனுப்பிய இன்சாட்-3டிஎஸ் போன்ற நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருந்து அரை மணிக்கு ஒரு படம் தருகின்றன. சூரியன் உச்சியில் இருக்கும்போது, விழும் வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் கடல் உள்வாங்கிக்கொள்ளும். அதனால் மேகமில்லாத கடல் கறுப்பாகத் தெரியும். மேகம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் வெள்ளை. இப்படித் திரும்பி வரும் ஒளியை அளந்து, காற்றிலுள்ள நீராவியும் தூசியும் எடுத்துக்கொள்வதைக் கழித்தால், கடல்மேல் விழுந்த வெயில் எவ்வளவு என்று கணக்கிடலாம்.

கடல் கறுப்பாகிவிட்டதே, பருவமழை முடிந்ததா என்று கேட்காதீர்கள். பல சமயம் நடப்பது வேறு. சில நாள் வெயிலில் கடலின் மேல்பரப்பு சூடேறும். 28 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான கடலில்தான் பெரும்பாலும் உயரமான மழைமேகம் எழும்பும். மேகம் திரண்டதும் வெயில் மறைந்து, காற்று வீசி, கடல் ஆறும். பிறகு மறுபடி வெயில். சூடு மட்டும் போதாது, காற்றும் ஒத்துவர வேண்டும். ஆனாலும் அடுத்த மழைக்கான முதல் அந்தத் தெளிந்த நாட்களில்தான் சேர்கிறது.

படம் பார்க்கும்போது, ஒளிப்படம், அகச்சிவப்புப் படம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டிலும் பளிச்சென்ற வெள்ளை என்றால் உயரமான, கனத்த மேகம். ஒளிப்படத்தில் வெள்ளை, அகச்சிவப்பில் மங்கல் என்றால் தாழ்ந்த மேகம். பெருமழைக்கு வாய்ப்பு குறைவு. இருட்டிய பின் ஒளிப்படம் முழுக்கக் கறுப்பாகத்தான் இருக்கும், அதை வானம் தெளிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேதியையும் பாருங்கள், பழைய படங்கள் நிறையச் சுற்றுகின்றன. நேரம் யுடிசி என்றிருந்தால் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த நாலைந்து படங்களில் மேகம் கரையை நோக்கி வந்தால் நெல்லைக் குவித்து மூடுங்கள். செவ்வாய், வெள்ளியில் வரும் வேளாண் வானிலை அறிக்கையை மேகதூத் செயலியில் பார்க்கலாம். ஐப்பசியில் சாயங்காலம் ஊருக்கு மேலேயே கட்டும் இடிமேகத்துக்கு மட்டும் கடல் படம் உதவாது. அதற்குத் தார்ப்பாய் களத்து ஓரத்திலேயே இருக்கட்டும்.